நெஞ்சு விடுகிற ஹோர்மோன்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். யன்னலோரம் இருந்தவர், கணவருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நெஞ்சும் ஹோர்மோன் விடுமாம், அக்கா."

"பகிடி விடாதையும்."

"டொக்டர்தான் சொன்னவர். இரத்தக் குழாயின்ர உள்தோல் நெஞ்சுக்குச் சிக்னல் குடுக்குமாம். உடன நெஞ்சு ஹோர்மோனை விட்டு, உப்பையும் தண்ணியையும் வெளியில தள்ளக் கிட்னிக்குச் சொல்லுமாம். நெஞ்சு ஏலாமல் கஷ்டப்பட்டா அது ரத்தத்தில நல்லாக் கூடும். அதைத்தான் செக் பண்ணினவை."

"அப்ப உம்மட அவருக்கு?"

"கூடேல்லை. மூச்சு வாங்கினது நெஞ்சால இல்லையாம், ஆஸ்துமாவாம். வாயில அடிக்கிற பம்ப் குடுத்திருக்கினம்."

மற்றவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "மாதா காப்பாத்திப்போட்டா. இனி நிம்மதியா இரும்."

"ஓம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என்னட்ட ஒரு வார்த்தை கேக்காமல், தன்ர தம்பி குடும்பத்துக்கு எங்கட அறையைக் குடுத்தவர். நெஞ்சுக்கு ஏதும் ஆயிடுமெண்டு பயந்து இவ்வளவு நாளும் நான் வாயே திறக்கேல்லை. இண்டைக்குப் போய் வடிவாச் சண்டை பிடிக்கப் போறன்."