அத்தியாயம் முடிந்தால் தேநீர்

காகிதத்தை மழைக்கு முன்பே வாங்கிப் போட்டுவிட வேண்டும். பதிப்பகம் ஆரம்பிக்கப்போகிறேன் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மழை வந்தால் விலை ஏறும், கட்டுக்குள் ஈரம் ஏறும், ஈரத்தில் மை பரவும், வாசகன் முகம் சுளிப்பான். அப்புறம், எந்த எழுத்தாளரையும் வீட்டுக்குப் போய் எழுதி வரச் சொல்லக் கூடாது என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நீயும் சிரித்திருக்கிறாய்.

இன்று காலை நீ கையில் பென்சிலோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாய். உன் அப்பாவின் கடைசி நாவலுக்குச் சிறப்புப் பதிப்பு வருகிறது. முன்னுரை உன்னுடையது. "சித்தப்பா, அப்பா கடைசியா என்ன பேசினார்னு உங்க வாயால ஒரு பத்தி சொல்லுங்க. நீங்க மட்டும்தானே கூட இருந்தீங்க" என்று கேட்டாய். வழக்கமாகச் சொல்வதையே சொல்லியிருக்கலாம். நாவலை முடித்தார், தேநீர் குடித்தார், கண்ணை மூடினார். பின்னட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறோம். ஆனால் நீ எடிட்டர் நாற்காலிக்கு வந்ததிலிருந்து ஒரு வாக்கியத்தையும் சரிபார்க்காமல் அச்சுக்கு விட்டதில்லை. நான் செத்த பிறகு இந்த இடம் உன்னுடையது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். எழுதிக்கொள்வதும் கொள்ளாததும் உன் இஷ்டம்.

நான் உன் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. ஒரே தெருவில் குடியிருந்தோம். அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படியே ஆகிவிட்டோம். அப்போது எனக்கு ஒரு பழைய அச்சு இயந்திரமும் அதைவிடப் பழைய ஒரு கட்டடமும் இருந்தன. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, பரீட்சைக்கு நோட்ஸ் என்று எது வந்தாலும் அடிப்பேன். துணிந்து சொந்தமாகச் சில புத்தகங்கள் போட்டேன். குழந்தைகளுக்குப் பெயர் வைக்க ஒன்று, ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஒன்று. இரண்டும் விற்கவில்லை. விற்காத கட்டுகளை அடுக்கி, அதன்மேல் மெத்தையைப் போட்டு நானும் என் மனைவியும் படுத்தோம். தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று அவள் தினமும் சொல்வாள். உன் அப்பா சொல்லி நான் எழுதிய முதல் நாவல்தான் அந்தக் கட்டிலைக் காலி செய்தது.

சொல்லி எழுதியது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பேனாவைப் பிடித்தால் அவருக்கு ஒன்றும் வராது. வாயைத் திறந்தால் ஆறு மாதிரி வரும். ஆனால் மனிதரைப் பிடித்து உட்காரவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். பல்வலி என்பார். பால் வாங்கி வருகிறேன் என்பார். போனால் சினிமாக் கொட்டகையில்தான் தேட வேண்டும். ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நான் பதறிப்போய் வண்டி பிடிக்க ஓடினேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை, தேடிப் போனால் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்தோம்.

பூட்டுகிற யோசனை அவருடையது. இதை நீ முன்னுரையில் சேர்த்தாலும் சேர்க்கலாம். "என்னை உள்ளே வெச்சுப் பூட்டிடு தம்பி. வெளியே விட்டா நான் உனக்குக் கிடைக்க மாட்டேன்" என்றார். காகிதம் வைக்கிற அறை இருந்தது. ஈரம் புகக் கூடாது என்று அதற்கு ஜன்னலே வைக்கவில்லை. கதவில் மட்டும் ஒரு சின்னத் திறப்பு. அச்சுப் பிழை பார்க்கிற தாள்களை உள்ளே வெளியே நீட்டுவதற்காக வைத்தது. அவர் உள்ளே மேஜைக்கு முன்னால். நான் வெளியே ஸ்டூலில், அந்தத் திறப்புக்குப் பக்கத்தில். முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொல்ல அவருக்குக் கூச்சம். அதனால் அந்த ஏற்பாடு இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. அத்தியாயம் முடிந்தால் தேநீர், நாவல் முடிந்தால் கதவு. இதுதான் ஒப்பந்தம். உன் அம்மா சாப்பாடு கொண்டுவரும்போது, கைதி எப்படி இருக்கிறார் என்று கேட்டுச் சிரிப்பார். நீ ஸ்டூல்மேல் ஏறி அந்தத் திறப்பு வழியாக பிஸ்கட் நீட்டுவாய். அவர் உன் விரலைக் கடிப்பதுபோல் பாசாங்கு செய்வார்.

ஆரம்பத்தில் தேநீரை மட்டும்தான் நிறுத்தி வைத்தேன். பிறகு சிகரெட்டை. பிறகு மத்தியானச் சாப்பாட்டை. அவர் திட்டுவார், நான் சிரிப்பேன், கதை நகரும். இதில் ஒன்றைக் கவனித்தேன். வயிறு நிறைந்து சொன்ன அத்தியாயங்களில் வளவளப்பு இருக்கும். பசியில் சொன்னவற்றில் ஒரு சொல்கூட மிகையாக இராது. வாசகர்கள் கடிதம் எழுதிப் பாராட்டியதெல்லாம் இரண்டாவது ரகத்தைத்தான். எது விற்கிறதோ அதைக் கூட்டுவதுதானே வியாபாரம். உன் அம்மா கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரம் என் மேஜையில் ஆறிக்கொண்டிருக்கும். அவரும் என்றைக்கும் உன் அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் அவருக்கு உண்மையிலேயே நெஞ்சுவலி வந்தது. டாக்டர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்தார். உன் அம்மா அந்தச் சின்ன டப்பாவை என்னிடம் கொடுத்து, "அவர் எங்கேயாவது போட்டுடுவார் தம்பி. உங்க பையிலயே இருக்கட்டும்" என்றார். சட்டைப் பையில் அறைச் சாவியோடு அதையும் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது இரண்டும் உரசிச் சத்தம் போடும். உள்ளே இருந்தே நான் வருவதைக் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் கடைசி நாவலை நீ என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாய். மகன் ஒருவன் நோயாளித் தகப்பனை அறையில் வைத்துப் பூட்டுகிறான். கடைசி அத்தியாயத்தில் தகப்பன் சாகிறான். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளில் புத்தகம் கடைகளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அலமாரியில் நமக்கு ஒதுக்கிய இடத்தை வேறு பதிப்பகத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று மொத்த வியாபாரி கறாராகச் சொல்லிவிட்டார். அட்டையை முன்கூட்டியே அடித்துவிட்டேன். நம் தொழிலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம்தான். பளபளவென்று அட்டைகள் கட்டுக்கட்டாக நிற்கின்றன, உள்ளே வைக்கக் கதைக்கு முடிவு இல்லை. பைண்டர் ஆளுக்கு மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

மத்தியானம். மின்சாரம் போய் உள்ளே மின்விசிறி நின்றது. புழுக்கத்தில் அவர் நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தகப்பனின் மூச்சு மாறுகிற இடம் வரை வந்தார். அங்கே நின்றார். "தம்பி, வலிக்குது. மாத்திரையைக் கொடு" என்றார். இந்தப் பத்தி முடியட்டும் அண்ணே என்றேன். அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. தேநீருக்கும் அதைத்தான் சொல்வேன்.

முன்பு ஒருமுறை நடித்தவர்தானே, எனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கலாம். பல வருஷம் எனக்கு நானே அப்படிக் கேட்டுக்கொண்டதுண்டு. உன்னிடம் அதைக் கேட்க மாட்டேன். திறப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அவர் எழுந்து வந்து அதன் விளிம்பை நான்கு விரல்களால் பிடித்துக்கொண்டார். நகங்கள் நீலம் பூத்திருந்தன. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் மாத்திரை, இன்னும் கொஞ்சம் நீட்டினால் கதவு.

அவர் பேசப் பேச நான் எழுதினேன். வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று சொன்னார். உன் பெயரைச் சொன்னார். யாராவது இருக்கிறீர்களா என்று தெருப்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். மறுபடி ஓடத் தொடங்கிய அச்சு இயந்திரத்தின் சத்தத்தில் வேலையாட்கள் யாருக்கும் கேட்கவில்லை. மின்சாரம் திரும்பிவிட்டிருந்தது, அதை மட்டும் அவருக்குச் சொன்னேன். அப்படி ஒரு பக்கத்தை அதற்கு முன்னால் அவர் எனக்குத் தந்ததே இல்லை. நாவலில் அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. அவர் தம்பி என்று கூப்பிட்ட இடத்தில் நான் மகனே என்று போட்டேன். உன் பெயர் இருந்த இடத்தில் அந்தத் தகப்பனுடைய மகளின் பெயரை.

அவர் விரல்கள் விளிம்பை விட்டபோது நான் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். அத்தியாயம் முடிந்ததும் படித்துக் காட்டுவது வழக்கம். ஏதாவது பிடிக்காவிட்டால் உள்ளே இருந்து ஒரு உறுமல் வரும். ஒன்றும் வரவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தேநீர் போட்டேன். பால் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். பிறகு வந்து பூட்டைத் திறந்தேன். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். தேநீரில் பாதியை நான் குடித்துவிட்டு மீதியை அவர் கைப்பக்கம் வைத்தேன். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோமே, அந்த டம்ளர்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நிம்மதியான சாவு என்றார். நான் மறுக்கவில்லை.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். விடுமுறைக்குப் புத்தகம் வந்தது. கடைசி நாவல், முடித்த கையோடு போய்ச் சேர்ந்த எழுத்தாளர் என்று ஊரெல்லாம் பேச்சு. அச்சு இயந்திரம் ஓயவில்லை. பழைய கட்டடத்தை இடித்து இதைக் கட்டினேன். உன் அம்மாவுக்கு வீடு, உனக்குப் படிப்பு. இங்கே வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை நினைத்துப் பார். இதெல்லாம் அந்தப் பக்கத்தின்மேல் நிற்கிறது.

குறிப்பாக அந்தக் கடைசி வரியின்மேல். "கதவைக் கொஞ்சம் திற. நான் எங்கேயும் போகலை. காத்து மட்டும் உள்ளே வரட்டும்." துணிப்பையில் அடித்து விற்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள். ஒரு பேராசிரியர் மேடையில் கதவு என்பது ஆன்மா என்று வெகுநேரம் விளக்கினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். யார் சொன்னாலும் எனக்கு அவர் குரலில்தான் கேட்கிறது, மூச்சு எங்கே அறுந்ததோ அங்கே அறுந்து. சமையலறை புகைந்தால் என் மனைவிகூட வேடிக்கையாக அதைச் சொல்வாள். நான் எழுந்து போய் வீட்டிலுள்ள எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வருவேன். கிழவருக்குக் குசும்பு என்பாள்.

இந்த அலுவலகத்தில் அறைகளுக்குக் கதவு இல்லாததைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் புதுமை என்கிறார்கள். குளியலறைக்கு மட்டும் வைத்தேன், அதையும் நான் தாழிடுவதில்லை. லிஃப்டில் ஏறுவதில்லை, முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறேன். டிக்கெட் கவுன்டர், வங்கிக் கவுன்டர் எதிலும் என்னால் நிற்க முடியாது. யாராவது அந்த விளிம்பில் விரல் வைப்பார்கள். எனக்குப் பயம்தான். பயம் என்றே சொல்லிவிடுகிறேன், வேறு பெயர் வேண்டாம்.

நீ பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டாய். கொஞ்சம் பொறு அம்மா. நீ கேட்டது அவர் பேசிய கடைசி வார்த்தை. அதை நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

அந்த வரியை அவர் முதல் தடவை அப்படிச் சொல்லவில்லை. "கதவைத் திற தம்பி, நெஞ்சு அடைக்குது" என்றுதான் சொன்னார். எழுதிவிட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வாக்கியம், அவ்வளவு பெரிய நாவலுக்கு அது போதாது. திறப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து, "அண்ணே, கடைசி வரி கொஞ்சம் தட்டையா இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு தடவை சொன்னார்.

நீயும் எடிட்டர்தானே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல். இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது, இல்லையா?