மொதல்ல விழுந்தது

தொடாதீங்கம்மா, பசை இன்னும் காயல. பொருட்காட்சியிலேருந்து வண்டியில கொண்டாந்தப்ப இந்த மூலை விட்டுடுச்சு, காலையிலதான் ஒட்டினேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

நீங்க யாருன்னு கதவைத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்படியே உங்கப்பா நெத்தி. நாங்க அவரை ரசமட்டம்னுதான் கூப்பிடுவோம். கொத்தனாரு ஊருக்கு நூறு பேரு இருப்பாங்க. டீ கிளாசைக் கீழ வச்சாக்கூட பலகை சாஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாக்குறவரு அவர் ஒருத்தர்தான். அந்த வீட்டை அவர் கட்டி முடிச்சதும் கீழ்த்தளத்துக்கு மொதல்ல வந்தது என் கடை. படத்துக்குக் கண்ணாடி, சட்டம் போடுற கடை. பதினோரு வருஷம் இருந்தேன். மாடியில தையல்காரம்மா.

செவ்வாக்கிழமை தீர்ப்புங்கிறீங்க. தெரியும்மா, பேப்பர்ல போட்டிருந்தான். கலவையில சிமென்ட்டைக் கொறச்சுட்டாரு, அதனாலதான் வீடு விழுந்துச்சு, தையல்காரம்மா உசுரு போச்சுன்னு எல்லாப் பழியும் அவர் தலையில. வீட்டுச் சொந்தக்காரரு பெரிய வக்கீலாப் புடிச்சு வெண்ணெயில முடி எடுத்த மாதிரி வெளிய வந்துட்டாரு. இடிஞ்சதை ரெண்டே நாள்ல லாரியில அள்ளிட்டுப் போயிட்டாங்க. காட்டுறதுக்கு ஒரு செங்கல்லு மிச்சமில்ல. அதனால இடிஞ்ச அந்த வீடு மாதிரியே நான் செஞ்ச இந்தப் பொம்மையைக் கொண்டுபோய் நீதிபதி முன்னாடி வைக்கணும்ங்கிறீங்க.

பொம்மைம்மா இது. அட்டை, தெர்மாகோலு, பிளாஸ்டர் மாவு. இந்தக் கம்பியெல்லாம் பழைய வயரை உரிச்சு எடுத்தது. தூசி மாதிரி தெரியுதுல்ல, அது சலிச்ச மாவும் காஞ்ச டீத்தூளும். ஒவ்வொரு செங்கல்லும் உங்க சுண்டுவிரல் நகத்துல பாதி. எண்ணிப் பாக்கல, எண்ணினா பைத்தியம் புடிச்சுரும்னு என் வீட்டுக்காரி சொல்வா. இந்தத் தையல் மெஷினு மட்டும் ஒன்பது நாள் ஆச்சு. சக்கரம் ஒரு கைக்கடிகாரத்துக்குள்ள இருந்த பல்சக்கரம். நடுவருங்க மூணு பேரும் பூதக்கண்ணாடியை வச்சுகிட்டு இதையேதான் பாத்தாங்க. அடடா அடடான்னாங்க. தலைக்கு மேல தூக்கி வச்சுப் பரிசு குடுத்தாங்க.

நீங்க அதைப் பாக்கல. நீங்க வந்ததுலேருந்து அடியிலயே பாக்குறீங்க.

பையில ஸ்கேலு வேற வச்சிருக்கீங்க. அளங்க, அளங்க, பசை இருக்குற மூலையை மட்டும் விட்டுருங்க. மூணு தூணு ஒரே கனம், இந்த ஒண்ணு மட்டும் இடுப்புல ஒடுங்கியிருக்குன்னு சொல்றீங்க. கை தவறியிருக்கும்மா. வயசு அறுபத்திமூணு ஆகுது, கை நடுங்குது.

அந்த மெஷினு ஊசியில நூலு கோத்திருக்கே, அதுவும் நடுங்குற கைதானான்னு பாக்குறீங்க. சரி விடுங்க. தண்ணியாவது குடிங்க. வச்சது அப்படியே இருக்கு.

கற்பனைன்னு வச்சுக்குங்களேன். எந்த போட்டோவுலயும் மேல கெடக்குற குவியல்தான் இருக்கு, அடியில இருந்த தூணை எவனும் பாக்கல, நீ மட்டும் எங்கய்யா பாத்தேன்னு கேக்குறீங்க. நியாயந்தான். இடிஞ்ச வீடு செய்யிறவனுக்குக் கொஞ்சம் கற்பனை வேணும்ல. இந்த வேலையில புதுசா எறங்குறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, முழு வீடா செஞ்சு முடிச்சுட்டு ஒரு சுத்தியலை எடுத்து நாலு போடு போடுவாங்க. பாத்தா கடிச்சுப் போட்ட பிஸ்கோத்து மாதிரி இருக்கும். வீடு அப்படி விழாதும்மா. அது ஒரு வரிசையில விழும். தூணு போவும், அது மேல உத்தரம், அது மேல தளம், தளத்து மேல செவரு, கடைசியிலதான் மனுஷன் சாமானெல்லாம். அதனால எது மொதல்ல விழுந்துச்சோ அதைத்தான் மொதல்ல பலகையில ஒட்டணும். அந்த ஒண்ணு தெரியலைன்னா இந்த வேலையில கையே வைக்க முடியாது.

ம்... நீங்க புத்திசாலி. அப்ப நான் எதை மொதல்ல ஒட்டினேன்னு கேப்பீங்கன்னு தெரியும், வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

இருங்க. உள்ள பாத்திரச் சத்தம் நின்னுபோச்சு பாத்தீங்களா. என் வீட்டுக்காரி கதவுக்குப் பின்னாடி நிக்கிறா. இதைச் செய்ய ஆரம்பிச்ச நாள்லேருந்து அவ என்கூடச் சரியா பேசுறதில்ல. ஒரு உசுரு போன வீட்டைப் பொம்மையாக்கிப் பாக்குறியே, நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டா. அப்புறம் பொருட்காட்சிக்குக் கொண்டுபோகும்போது வாசப்படியில நின்னு, கொண்டுபோகாதன்னு கையைப் புடிச்சா. ஏன்னு கேட்டேன். உனக்கே தெரியும்னுட்டுப் போயிட்டா. நாப்பது வருஷம் கூடவே இருந்தவ, அவ கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா.

இருந்தும் கொண்டுபோனேன். நாலு நாளு எத்தனையோ பேரு வந்தாங்க, இன்ஜினியருங்ககூட வந்தாங்க. குனிஞ்சு பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. ஒருத்தன் கேக்கல. எனக்கு நிம்மதியாவும் இருந்துச்சு, ஒருத்தனாவது கேக்க மாட்டானான்னும் இருந்துச்சு. கடைசி நாளு கயித்துக்கு அந்தப் பக்கம் நீங்க வந்து நின்னீங்க. ஒரு மணி நேரம். யாருன்னு அப்பத் தெரியல, ஆனா அப்பவும் நீங்க அடியிலதான் பாத்தீங்க.

உங்கப்பா என்ன சொல்றாரு. நாலு தூணும் ஒரே அச்சு, ஒண்ணுக்குப் பன்னெண்டு கம்பி, கலவை என் கண்ணு முன்னாடி போட்டதுன்னு. அதேதான் கோர்ட்டுலயும் சொன்னாராமே. யாரும் நம்பலைல்ல. அவர் சொல்றது நெசம். நான் எண்ணியிருக்கேன். பன்னெண்டு கம்பி.

எப்ப எண்ணினேனா.

வீடு விழுறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி பெரிய கண்ணாடித் தகடு எடுக்க ஆரம்பிச்சேன். ஆள் உசரம் இருக்கும். வாசல் வழியா வந்துரும், உள்ள திருப்பும்போது இந்தத் தூணு இடிக்கும். நாலு விரக்கடை. அந்த நாலு விரக்கடைக்காக ரெண்டு தகடு ஒடஞ்சுது, ஒரு தடவை என் உள்ளங்கையும் கிழிஞ்சுது, இந்தாங்க தழும்பு. ஒரு ஞாயித்துக்கெழம கடையை உள்பக்கமா சாத்திக்கிட்டு உளியை எடுத்தேன். பூச்சை மட்டும் செதுக்கிட்டு நிறுத்திரலாம்னுதான் நெனச்சேன். பத்தல. கான்கிரீட்டுல போட்டேன். அது விடுதா. உங்கப்பா கலவை, உளி முனை மழுங்கிப்போச்சு, சிமென்ட்டு கொறஞ்ச கலவையா இருந்தா மண்ணு மாதிரி உதிர்ந்திருக்கும்ல. சுத்திலும் செதுக்கினதுல கம்பியெல்லாம் தெரிஞ்சுது. அப்பதான் எண்ணினேன். ஓரத்துல நிக்கிற மூணை ரம்பத்தால அறுத்தேன். அப்புறம் சாந்து பூசி, வெள்ளையடிச்சு, அது மேலயே ஒரு படத்தை மாட்டிட்டேன்.

பாதியில மாடியிலேருந்து தட்டினாங்க, தையல்காரம்மா. என்னண்ணே, கீழ எலி புடிக்கிறீங்களான்னு. ஆமாம்மா, பெரிய எலின்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அதுக்கப்புறம் ரெண்டு மழைக்காலம் தாங்குச்சு. மூணாவதுல, நான் ஒரு படத்தைக் குடுத்துட்டு வரலாம்னு தெருமுனை தாண்டியிருப்பேன். சத்தம் கேட்டுத் திரும்பினா தூசிதான் நிக்குது. அந்தம்மா மெஷினை நிறுத்தக்கூட இல்ல போல, ஊசியில நூலு இருந்துச்சு.

அழாதீங்கம்மா. திட்டணும்னா திட்டிருங்க. போனைத் தட்டி விடுங்க, இதையெல்லாம் பதிவு பண்ணிக்குங்க, மறுபடியும் மொதல்லேருந்து சொல்றேன். இதை மட்டும் கொண்டுபோனா எதிர்க்கட்சி வக்கீலு பொம்மைன்னு ஊதித் தள்ளிருவான். நானும் வரணும். ஏ, இவளே, அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வை, நான் இவங்ககூடப் போறேன்.

பாருங்க, சட்டையை ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கா.

நீங்க அந்தப் பக்கம் புடிங்க, குலுங்காம தூக்கணும். அந்த மூலையையே புடிங்கம்மா, பரவாயில்ல. பசையெல்லாம் எப்பவோ காஞ்சுபோச்சு.