தொப்பி மாட்டும் பெட்டி

எராஸ்மோ: கடவுளுக்கு அடுத்தபடியா, இந்தத் தீவுல வெளிச்சத்தைச் சொந்தமா வச்சிருக்கிற ஒரே ஆள் நான்தான், மிக்தாலியா. பெருமைக்குச் சொல்லல. தகவலுக்குச் சொல்றேன்.

மிக்தாலியா: தலைய ஆட்டாதீங்க, டான் எராஸ்மோ. காதும் உங்களுக்குச் சொந்தம்தான்.

எராஸ்மோ: ரெண்டு நாளா புவர்ட்டோ ரிக்கோ பூரா கரண்டு இல்ல. என் வீட்ல ஐஸ்கட்டி இருக்கு. கூரையில சொந்த சோலார் தகடு, சொந்த பேட்டரி. எவன்கிட்டயும் போய் நிக்கல.

மிக்தாலியா: இப்ப என் கடைக்கு வந்து...

எராஸ்மோ: உக்காந்திருக்கேன். அந்த விசிறிய கொஞ்சம் கூட்டு. பிடரியெல்லாம் வேர்க்குது.

மிக்தாலியா: கூட்டிட்டேன். இந்த விசிறி, உங்க தலையில ஓடுற முடிவெட்டு மிஷின், எல்லாமே ரொட்டிக்கடை பின்னாடி இருக்கிற பொது பேட்டரிதான். தெரியும்ல?

எராஸ்மோ: தெரியும். அதான் காத்துல மாவு வாசனை.

மிக்தாலியா: தெருவுல எல்லார் வீட்டு மிச்ச வெயிலும் அதுல சேருது. உங்க வீட்டத் தவிர.

எராஸ்மோ: பேட்டரிய ஊரோட பங்கு போடுறதும் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ பங்கு போடுறதும் ஒண்ணுதான். பாக்க அன்பாத்தான் இருக்கும். வாயில வைக்க முடியாது.

மிக்தாலியா: உங்க பேட்டரி மத்தியானத்துக்குள்ள நிறைஞ்சிருது. அதுக்கப்புறம் வர்ற வெயில் என்ன ஆகுது?

எராஸ்மோ: வெயில்பாட்டுக்கு அடிச்சிட்டுப் போகுது. அத நான் கூப்பிடவும் இல்ல.

மிக்தாலியா: உங்க சுவரு வரைக்கும் கம்பி இழுத்து, பெட்டியும் மாட்டி விட்டாச்சு. உள்ள ஒரு சுவிட்சு. அதத் தூக்கினா போதும், உங்க மிச்ச வெயிலும் பொது பேட்டரிக்கு வந்துரும். நீங்க அந்தப் பெட்டிய என்ன பண்ணியிருக்கீங்க?

எராஸ்மோ: தொப்பி மாட்டுறேன். ரொம்ப உபயோகமான பெட்டி. சும்மா கிடக்குதுன்னு சொல்லாதே.

மிக்தாலியா: உங்க கூரை சேர்ந்தாதான் மேட்டு வீடு வரைக்கும் கரண்டு தாங்கும்னு மெக்கானிக் சொல்லிட்டுப் போனாரு.

எராஸ்மோ: மேட்டு வீட்டுல யாரு இருக்கா?

மிக்தாலியா: யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்.

எராஸ்மோ: காதுகிட்ட பாத்து வெட்டு.

மிக்தாலியா: உங்க பழைய கூட்டாளி ஹசிந்தோ ரெண்டு ராத்திரியா நாற்காலியில உக்காந்தே தூங்குறாரு. படுத்தா அந்த மூச்சு மிஷின் வேணும். மிஷினுக்குக் கரண்டு வேணும்.

எராஸ்மோ: உக்காந்து தூங்குறது முதுகுக்கு நல்லது.

மிக்தாலியா: நேத்து படியில மயக்கமா வந்து கம்பியப் பிடிச்சுக்கிட்டாராம்.

எராஸ்மோ: பிடிச்சுக்கிட்டான்ல.

மிக்தாலியா: ஒரு டாமினோ ஆட்டத்துக்கா, டான் எராஸ்மோ, மூணு வருஷம் பேசாம...

எராஸ்மோ: ஆட்டத்துக்கு இல்ல. தெரு பூரா வேடிக்கை பாக்குறப்போ, போட வேண்டிய கட்டைய கையில வச்சுக்கிட்டே, இல்லன்னு நான் ‘பாஸ்’ சொன்னேன்னான். ஒரு மனுஷன திருடன்னு சொல்லலாம், பொறுத்துக்கலாம். கட்டைய மறைச்சான்னு சொல்றதா?

மிக்தாலியா: கையில இருந்துச்சா?

எராஸ்மோ: ஆட்டம் முடிஞ்சு மூணு வருஷமாச்சு.

மிக்தாலியா: அதான் கேக்குறேன்.

எராஸ்மோ: நீ முடி வெட்டு. நாளைக்கு பொண்ணு ஒர்லாண்டோவுலேருந்து வர்றா. அப்பன் லட்சணமா இருக்கணும்.

மிக்தாலியா: வந்து இறங்கினதும் எங்க ஓடுவா? ஞானத் தகப்பன்கிட்ட ஆசீர்வாதம் கேக்க மேட்டு வீட்டுக்குத்தான். நாற்காலியில சரிஞ்சு கிடக்கிறவரு எப்படிக் கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணு...

எராஸ்மோ: என்ன, மிஷின் சத்தத்தக் காணோம்?

மிக்தாலியா: நின்னுபோச்சு.

எராஸ்மோ: நின்னுபோச்சுன்னா?

மிக்தாலியா: பொது பேட்டரியில சார்ஜ் இறங்கிருச்சு போல. இறங்கினா முதல்ல கடைங்கள நிறுத்திரும். மருந்துக்கடை ஃப்ரிட்ஜ மட்டும் கடைசி வரைக்கும் விடும். ஊர் கூடிப் பேசின ஏற்பாடு.

எராஸ்மோ: என் தலை?

மிக்தாலியா: இடது பக்கம் நாளைக்கு விமான நிலையத்துக்குப் போகலாம். வலது பக்கம் வீட்லயே இருக்கட்டும்.

எராஸ்மோ: கண்ணாடியக் காட்டு... சரி, வேணாம். எடுத்துடு.

மிக்தாலியா: கத்தரிக்கோல்ல முயற்சி பண்ணவா?

எராஸ்மோ: அந்தப் பக்கம் மிஷின், இந்தப் பக்கம் கத்தரியா? ரெண்டு ஆள் தலைய ஒட்டி வச்ச மாதிரி இருக்கும். நான் வீட்டுக்குப் போய் தொப்பி எடுத்துட்டு வரேன். இந்தக் கோலத்துல ரொட்டிக்கடைக்காரி பாத்தா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா.

மிக்தாலியா: எதிர் வீடுதானே, ஒரே ஓட்டமா...

எராஸ்மோ: என் வயசுல ஓடக் கூடாது. கம்பீரமா வேகமா நடக்கணும்.

*

மிக்தாலியா: ஒரு தொப்பிக்கு இவ்வளவு நேரமா?

எராஸ்மோ: அத ஏன் கேக்குற. ம்... உக்காரவா?

மிக்தாலியா: உக்காருங்க. என்ன சத்தம் அது, மேட்டுல?

எராஸ்மோ: எனக்கு ஒண்ணும் கேக்கல.

மிக்தாலியா: ‘வெளிச்சம் வந்துருச்சு’ன்னு ஒரே ஒரு ஆள் கத்துறாரு. கரண்டு வந்தா தெருவே சேர்ந்துல்ல கத்தும்... இது ஹசிந்தோ குரல் மாதிரி இருக்கு.

எராஸ்மோ: அவனுக்கு எப்பவும் கட்டைக் குரல்.

மிக்தாலியா: ரேடியோ வேற பாடுது.

எராஸ்மோ: கேக்க சகிக்கல. முதல்ல மிஷின மாட்டிட்டுப் படுக்காம, இவன் ரேடியோவப் போடுறான் பாரு. முட்டாப்பய.

மிக்தாலியா: டான் எராஸ்மோ.

எராஸ்மோ: என்ன?

மிக்தாலியா: தொப்பி எங்க மாட்டியிருந்துச்சு?

எராஸ்மோ: பெட்டியிலதான். எடுக்கிறப்போ கை பட்டுச்சு.

மிக்தாலியா: மூடி போட்ட பெட்டிக்குள்ள இருக்கிற சுவிட்சுல.

எராஸ்மோ: நல்லா பட்டுச்சு. அவன்கிட்ட சொல்லிட்டு இருக்காதே. வெயில்லேருந்து வந்துச்சுன்னு சொல்லு. அது பொய்யும் இல்ல.

மிக்தாலியா: சொல்லல... ஆனா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. பேட்டரியில சார்ஜ் இறங்கவே இல்ல. மிஷின் பிளக்க நான்தான் பிடுங்கினேன்.

எராஸ்மோ: தெரியும். தலைக்கு மேல விசிறி நிக்கவே இல்லையே. வலது பக்கத்த வெட்டு.