உருவிவிட்ட கை

முழங்கால் வலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். டிராமில் பக்கத்தில் உட்காருகிறவர்கூடப் பேசுவார். முழங்கையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. மடங்குகிற வரை அது இருப்பதே தெரியாது. மடங்காமல் போன பிறகுதான், இத்தனை நாள் சோறு எப்படி வாய்க்கு வந்துகொண்டிருந்தது என்று ஒருவன் யோசிக்கிறான்.

சேஷாத்ரி சார், தமிழிலேயே எழுது, அலிப்பூர் கோர்ட்டுக்கு நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறேன் என்றீர்கள். அதனால் நிதானமாக எழுதுகிறேன். என் பெயர் மருதமுத்து. வயது முப்பத்துநான்கு. லேக் கார்டன்ஸில் டாக்டர் சன்யாலின் பிசியோதெரபி கிளினிக்கில் உதவியாளன். நானும் அந்தப் படிப்புப் படித்தேன். இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டேன். இரவெல்லாம் ஒரு ஹோட்டலில் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போனால் தூக்கம்தான் வரும். முழங்கைப் பாடம் நடந்த அன்று மட்டும் எப்படியோ விழித்திருந்தேன்.

அந்தப் பாடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒருவர் விழுந்து முழங்கை மூட்டு பிசகிவிடுகிறது. டாக்டர் அதைத் திரும்ப உட்காரவைத்துக் கட்டுப் போடுகிறார். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் கை விறைத்திருக்கும். நோயாளி தன் பலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக மடக்கி நீட்டிப் பழக வேண்டும். வேறு யாரும் அதை உருவக்கூடாது, பிடித்து மடக்கவும் கூடாது. உருவினால், உள்ளே கிழிந்திருக்கும் சதையில் எலும்பு முளைக்கக்கூடும். முளைத்துவிட்டால் மூட்டுப் பூட்டிக்கொள்ளும். எங்கள் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

நம் ஊர்க்காரர்கள் நம்புவது இதற்கு நேர் எதிர். எண்ணெய் போட்டு உருவினால் எதுவும் சரியாகும் என்பார்கள்.

இனி மஹாதேவன் சாரைப் பற்றி. எழுபத்தொன்றில் நான் கார்டன் ரீச் பக்கம் ஒரு கம்பெனியில் டெம்பரரி. வாலிபால் ஆடுவேன் என்றுதான் எடுத்தார்கள். ஆறடி இரண்டங்குலம். டீமில் இருந்த பெங்காலிப் பையன்கள் என்னைத் தால்காச் என்று கூப்பிடுவார்கள், பனைமரம். மஹாதேவன் சார் பர்சனல் ஆபீசர், டீமுக்கும் செக்ரட்டரி. ஆபீஸ்களுக்கு இடையிலான போட்டியின் பைனலுக்கு நான்கு நாள் முன்பு என் வலது முழங்கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் குதிக்கக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவரிடம் நீட்டினேன். படித்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதை நீ காட்டலை, நான் பாக்கலை. ஒரே ஒரு மேட்ச்டா. ஆடிக் குடு, உன்னைப் பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு. அப்புறம் ஆறு மாசம் வேணும்னாலும் காலை நீட்டிண்டு படு."

"குதிச்சா வலிக்குது சார்."

"வலிக்கட்டும். வலிக்காம எவன்டா கப்பு வாங்கினான்?"

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கிவந்தார்கள். வாடையோடு அதை முழங்காலில் வைத்துக் கட்டினார்கள். மூன்றாவது செட்டில் குதித்து இறங்கியபோது உள்ளே கயிறு அறுந்தது போல ஒரு சத்தம். பக்கத்தில் ஆடிய பன்னீர்செல்வத்துக்கே அது கேட்டதாம். என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஆட்டத்தை முடித்தார்கள். தோற்றோம். இரண்டு மாதம் கழித்து உடல் தகுதி இல்லை என்று கடிதம் வந்தது. கீழே அவருடைய கையெழுத்து, அழகான சாய்வெழுத்து. அதன் பிறகு நான் குதித்ததில்லை. மாடிப்படியில் இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குகிறேன்.

போன வருஷம், எழுபத்தொன்பதில், பூஜை விடுமுறை முடிந்த வாரம் அவர் கிளினிக்குக்கு வந்தார். ஏரிப் பக்கத்தில் பாட்மின்டன் ஆடும்போது பின்பக்கமாக விழுந்து வலது முழங்கை பிசகியிருந்தது. கட்டுப் பிரிக்க இன்னும் பதினெட்டு நாள். அதுவரை விரல்களுக்கும் தோளுக்கும் பயிற்சி கொடுக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எட்டு வருஷம், தாடி, கண்ணாடி. அதை நான் குற்றமாக நினைக்கவில்லை.

"தம்பி தமிழா? அப்பாடா. இந்த பெங்காலி டாக்டர் சொல்றது பாதி புரியலை, புரியற பாதி பிடிக்கலை. நீ இருக்கேல்ல, எனக்குக் கவலை விட்டுது." என் உயரத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏதாவது ஆடியிருக்கியோ?" என்றார்.

"கொஞ்சம் வாலிபால் சார்."

"வாலிபாலா? எங்க டீமை நான்தான் கட்டி மேச்சேன். ஒரு வருஷம் கப்பு கைக்கு வந்துட்டுது. உன்னாட்டம் ஒரு ஒட்டகச்சிவிங்கி இருந்தான். கழுத்தறுத்துட்டான். முக்கியமான நேரத்துல கால் சுளுக்கிடுத்துன்னு நாடகம் ஆடி உக்காந்துட்டான். சோம்பேறி. அன்னிக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கினேன்."

நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். விரல்கள் நன்றாக வேலை செய்தன. அதைக் கார்டில் குறித்தேன்.

அவர் மறந்திருந்தால் நானும் விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் மறக்கவில்லை. மாற்றி வைத்திருந்தார்.

பதினெட்டு நாள் இருந்தது என்று சொன்னேன் அல்லவா. புத்தகத்தில் இருப்பதெல்லாம் நடப்பதில்லை. எத்தனை நாளில் ஆகும், எவ்வளவு அழுத்த வேண்டும், நோயாளி எப்போது சந்தேகப்படுவார் என்று எனக்குத் தெரியாது. அப்போது கிளினிக்குக்கு இன்னொரு முழங்கை வந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், பஸ் படியிலிருந்து விழுந்தவர், ஏதோ தாஸ் என்று பெயர். கட்டுப் பிரித்துச் சில நாள் ஆகியிருந்தது. தானே பயிற்சி செய்து நன்றாகத் தேறிக்கொண்டிருந்தார். கை மடங்குவது நாற்பது டிகிரி கூடியிருந்தது. திரைக்குப் பின்னால் வைத்து அவருக்கு உருவ ஆரம்பித்தேன். அவர் பற்களைக் கடித்துக்கொண்டு, "கோரோ தாதா, கோரோ," செய்யுங்கள் அண்ணா, செய்யுங்கள் என்பார். பத்தாம் நாள் மூட்டு சூடாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் கூடிய நாற்பதும் போய்விட்டது. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. அவர் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. இடது கை என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் இடது கையால்தான் படம் வரைவார் என்பது பிறகு தெரிந்தது.

மஹாதேவன் சாருக்குக் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர் கார்டில் யாரும் மசாஜ் செய்யக்கூடாது, யாரும் மடக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, அவரிடமே படித்தும் காட்டினார். மஹாதேவன் சார் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். டிசம்பரில் அவர் கிளப்பில் பாட்மின்டன் டபிள்ஸ் போட்டி இருந்தது. அதற்குள் கை வேண்டும் என்றார்.

"நம்ம ஊர்ல இதுக்கு என்னடா பண்ணுவா?"

"எண்ணெய் போட்டு உருவுவாங்க சார்."

"அதைத்தானே நானும் சொல்றேன். அவருக்குத் தெரிய வேண்டாம். நீ ஆத்துக்கு வா."

இதை நான் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார். மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். இரண்டு பஸ் மாற வேண்டும். அவர் மனைவி ஜகதாம்பாள் மாமி ஊரிலிருந்து வரவழைத்த தைலத்தை இரும்புக் கரண்டியில் சுடவைத்துக் கொடுப்பார். பெரும்பாலும் அந்த நேரம் லோட்ஷெடிங், கரண்ட் இருக்காது. அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருவுவேன். கிழிந்த இடம் எது என்று விரலுக்குத் தெரியும், அங்கே கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்வேன். பிறகு அவர் மேல்கையை மடியில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்து மடக்குவேன்.

அவருக்குக் கண்ணில் நீர் வரும். ஒவ்வொரு நாளும் நான் கேட்டேன்.

"நிறுத்தட்டுமா சார்?"

"நிறுத்தாதே. வலிச்சாத்தான் வழிக்கு வரும்."

மாமி வாசலில் நின்று, "பாவம்னா, கொஞ்சம் மெதுவாப் பிடிக்கச் சொல்லுங்கோளேன்," என்பார்.

"நீ உள்ள போடி. அவனுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும்தான்.

ஐந்தாவது வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டுக்கு முன்னால் பஞ்சு ஒட்டியது போல ஒரு மங்கல். டாக்டர் சன்யால் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். யாராவது மாலிஷ் செய்தார்களா என்று மூன்று முறை கேட்டார். மஹாதேவன் சார் மூன்று முறையும் இல்லை என்றார். அன்று மாலை, விட்டுவிடலாமா என்று நானே கேட்டேன். நீயும் பயந்தாங்கொள்ளியா என்றார். மேலும் இரண்டு வாரம் உருவினேன். அதற்கு மேல் அவசியம் இருக்கவில்லை.

இப்போது அந்தக் கை கிட்டத்தட்ட நீட்டியபடியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார். ஒரு வருஷம் போனால் ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று அவர் கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. வீட்டில் மாமி கதவைச் சாத்திக்கொண்டு பிசைந்து ஊட்டுகிறார். ஒருநாள் நான் சீக்கிரம் போய்விட்டேன், கதவிடுக்கில் பார்த்தேன். குழந்தை போல வாயைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு நிறைவாக இருந்திருக்க வேண்டும்.

இல்லாததற்குக் காரணம் அவருடைய நன்றி. நான் போனால் எழுந்து நிற்கிறார். வருகிறவர்களிடம், "டாக்டர்தான் கெடுத்தான், இந்தப் பையன் முடிஞ்ச மட்டும் போராடினான்," என்கிறார். என் கையைத் தன் இடது கையால் பிடித்துக்கொள்கிறார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பைனல், சட்டைப்பைக்குள் போன சீட்டு, கடிதம், கரும்பலகை. ஒன்றும் விடவில்லை. பேன்ட்டை மடித்து முழங்காலையும் காட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "டாக்டரைக் காப்பாத்தறதுக்காக உன் தலையில போட்டுக்கறே. நல்ல மனசுடா உனக்கு."

"நான்தான் சார் அந்த ஒட்டகச்சிவிங்கி."

"போடா. அவன் சோம்பேறி, ஏமாத்துக்காரன். நீ தினம் ரெண்டு பஸ் மாறி வந்து உழைச்சவன். அவன் எங்கே, நீ எங்கே."

மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். "நமக்குச் சரியாகலையேன்னு மனசு நொந்து என்னமோ பேசறான். விடுங்கோன்னா," என்றார்.

அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

டிராயிங் மாஸ்டர் டாக்டர் சன்யால் மேல் புகார் கொடுத்து, வழக்கு உங்கள் கோர்ட்டுக்கு வந்திருப்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு தவறும் செய்யாத டாக்டர் தண்டனை அடையக்கூடாது என்பதற்காகத்தான் நானாகவே உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு கைகளையும் கெடுத்தவன் நான். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை.

எழுதியதை இங்கே நிறுத்தியிருந்தேன். நீங்கள் படித்துவிட்டு, டாக்டருக்கு எதிரான வழக்கு ஆதாரம் இல்லையென்று நேற்றே தள்ளுபடியாகிவிட்டது, இதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவதென்றால் போகலாம் என்றீர்கள். வேண்டாம், சார். பதிவு செய்யுங்கள். கோர்ட் முத்திரை வையுங்கள். ஒரு நகல் மஹாதேவன் சார் வீட்டுக்குப் போக வேண்டும். முத்திரை இருந்தால் நம்புவார், அவர் ஆபீசர். பைனல் நடந்த பகுதியைச் சுருக்காமல் மொழிபெயர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிராயிங் மாஸ்டருக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டாமா என்று கேட்கிறீர்கள். அவருக்கு எதற்கு, சார். அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.