லீலாவதி ஏறிய ஜீப்பு

பாஞ்சாலை: இன்னாடா பார்த்திபா, மறுபடியும் ஓரங்கட்டிட்ட?

பார்த்திபன்: இஞ்சின் சூடாயிடுச்சு பெரியம்மா. கொஞ்சம் ஆறட்டும்.

பாஞ்சாலை: திருப்பத்தூர்ல ஏறுனதுலேர்ந்து ஆறினேதான் கீது. உன் வண்டிக்கு இன்னா, காய்ச்சலா?

கல்பனா: நல்லா கேளுங்க பெரியம்மா. நான் வூட்டுக்குப் போய் துணிமணி எடுத்து வைக்கணும். திங்கக்கெழம ஓசூரு கம்பெனியில நிக்கணும்.

பார்த்திபன்: அதான்... இன்னிக்கு வுட்டா நீ எங்க, நான் எங்க... இல்ல, கதை எங்கன்னு சொல்ல வந்தேன். தெனம் சாயங்காலம் என் வண்டியில ஒக்காந்து அந்த இங்கிலீசு புக்க தமிழ்ல சொல்லினு வந்துட்டு, முடிவு சொல்லாம போனா ஞாயமா?

பாஞ்சாலை: அது ஞாயம் இல்லதான். சந்தைக்குப் போய் வர்ற அலுப்பே இதக் கேட்டாதான் தீருது. ஆனா மொதல்ல இந்த சீட்டுக்கடியில இன்னாத்த வெச்சிருக்கன்னு சொல்லு. குத்துது.

பார்த்திபன்: ஸ்பேனரு, ஜாக்கி... நீ இப்பிடி நகந்து ஒக்காரு. கல்பனா, புக்க எடு.

கல்பனா: எங்க வுட்டோம்?

பாஞ்சாலை: லீலாவதி மலை ஏறப் போறா.

கல்பனா: லீலாவதி இல்ல பெரியம்மா. எலாரியா.

பாஞ்சாலை: எனக்கு வாய்ல நொழையல, லீலாவதிதான். பதினாறு வயசாச்சுன்னா நிழல வெட்டி குடோன்ல பூட்டிடறானுங்களே, அந்த ஊரு... எனக்கு ஒண்ணு சொல்லு. நிழலே இல்லன்னா, கொல்லையில வேல செய்றவன் பொழுது எவ்ளோ ஆச்சுன்னு எப்பிடி பாப்பான்?

கல்பனா: அதுக்கு சங்கு ஊதுவாங்க. நிழல் போயிட்டா யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க. அதான் கவர்மெண்டே வெட்டுது.

பாஞ்சாலை: எங்க வூட்டுக்காரரு நிழல் இருந்தே பேச மாட்டாரு.

பார்த்திபன்: பெரியம்மா! அவள படிக்க வுடு.

கல்பனா: கேளுங்க... "எலாரியா குடோன் பூட்ட ஒடச்சா. எல்லாரோட நிழலையும் சாக்குல கட்டி ஜீப்புல ஏத்துனா. டிரைவர் அது மேல பலாப்பழத்த அடுக்கி மறச்சான். செக்போஸ்ட்டுல..."

பாஞ்சாலை: இரு, இரு. இங்கிலீசுக்காரன் ஊர்ல பலாப்பழமா?

கல்பனா: ...இருக்கும் பெரியம்மா. புக்குல போட்டுக்கீதே.

பாஞ்சாலை: நேத்து லீலாவதி நம்ம மலையில வெளையற சாமச் சோறு துன்னா. அதுக்கு முன்னாடி புளியமரம் ஏறி உலுக்குனா. இன்னா புக்கோ போ.

பார்த்திபன்: புளி எல்லா ஊர்லயும் கீது. நீ படி கல்பனா. அந்த மந்திரி மவன் வந்துட்டானா?

கல்பனா: வந்துட்டான். வெள்ளக் குதிரையில. "என்னோட கண்ணாடி மாளிகைக்கு வந்துடு"ன்னு கையப் புடிக்கறான்.

பார்த்திபன்: த்தூ! அவன் மூஞ்சி.

கல்பனா: மூஞ்சி நல்லாதான் இருக்கும். நல்ல செவப்பு. சுருட்ட முடி.

பார்த்திபன்: போதும், போதும். டிரைவரு இன்னா பண்றான்?

கல்பனா: பானட்ட தொறந்து வெச்சினு நிக்கறான்.

பார்த்திபன்: ...ஏன்?

கல்பனா: இஞ்சின் சூடாம்.

பாஞ்சாலை: அங்கயுமா!

கல்பனா: ஆமா பெரியம்மா. அவன் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான். வண்டிதான் ரிப்பேராவும். எலாரியாவும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு கேக்கறா... "நான் வேற பட்டணத்துக்கு வேலைக்குப் போறேன். நீ காத்துனு இருப்பியா, இல்ல நான் குதிரையில ஏறட்டுமா?"

பார்த்திபன்: அதுக்கு டிரைவரு இன்னா சொன்னான்?

கல்பனா: நீங்க இன்னா நெனைக்கறீங்க?

பார்த்திபன்: நான் நெனச்சு இன்னா ஆவப்போவுது... புக்குல இன்னா போட்டுக்கீது?

கல்பனா: அது... அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு.

பாஞ்சாலை: பொய்யி! இந்த வாரம் பூரா பாக்கறேன், பக்க அடையாளத்துக்கு வெச்ச அந்த பழைய கல்யாணப் பத்திரிகைய ஒரே எடத்துல சொருகி வெச்சிருக்க. ஒரு பக்கம் திருப்பல, ஒரு மலையே ஏறிட்டா லீலாவதி. அட, இந்த எழவு வேற குத்துது... இரு, எடுத்து வெளிய போடறேன்.

பார்த்திபன்: பெரியம்மா, வேணாம்! கிரீஸ் ஒட்டிக்கும்... கைய எடு!

பாஞ்சாலை: இதுவாடா ஸ்பேனரு? புக்குடா! ஒண்ணு... இந்தா இன்னொண்ணு... ஐயய்ய, அஞ்சு கீது. எல்லாத்து மேலயும் அதே பொண்ணு. கல்பனா, இது உன் புக்குல இருக்கறவதான?

கல்பனா: எலாரியா... தமிழ்லயா? அஞ்சு பாகமும்? எப்ப வாங்குனீங்க?

பார்த்திபன்: ...பொங்கலுக்கு.

கல்பனா: படிச்சீங்களா?

பார்த்திபன்: ரெண்டு தபா.

கல்பனா: ஐயோ! எனக்கு மூணாவது பாகமே கெடைக்கல. வண்டியில எல்லாரும் கேக்கறீங்களேன்னு நானே கட்டி வுட்டேன்... மானம் போச்சு! தெரிஞ்சே இத்தன நாளு தலைய ஆட்டினு கேட்டீங்களா?

பார்த்திபன்: வேற இன்னா பண்றது? அந்த மந்திரி மவன் மூணாவது பாகத்துலயே செத்துட்டான் கல்பனா. நீதான் அவன சாவ வுடாம குதிரை மேலயே ஒக்கார வெச்சிருக்க. எனக்கு வயிறு எரியுது.

கல்பனா: அந்த டிரைவரு?

பார்த்திபன்: அஞ்சு பாகத்துலயும் தேடிட்டேன். டிரைவரே இல்ல. ஜீப்பே இல்ல. அவன் உன் கதையில மட்டும்தான் கீறான்... அதான் அவனுக்கு இன்னா ஆவுதுன்னு ஒரு நாளு வுடாம கேட்டேன்.

கல்பனா: கேட்டது போதும். இப்ப பதில் சொல்லுங்க.

பார்த்திபன்: காத்துனு இருப்பான். ஞாயித்துக்கெழம ஆனா ஓசூருக்கே வருவான்.

கல்பனா: வழியில இஞ்சின் சூடாவாதா?

பார்த்திபன்: அது என்னிக்குமே சூடானதில்ல...

கல்பனா: தெரியும். சரி, குதிரைய திருப்பி அனுப்பிடறேன்.

பார்த்திபன்: அப்பாடா! போலாமா? பெரியம்மா, உங்க ஊரு இன்னும் வர்ல இல்ல?

பாஞ்சாலை: எங்க ஊரு கீழயே போயிடுச்சுடா. முடிவு தெரியாம எறங்குனா எனக்கு சோறு எறங்குமா, அதான் வாய மூடினு வந்தேன். வண்டிய திருப்பு... மெதுவாவே ஓட்டு, லீலாவதி நெசமா பொழைக்கறாளா இல்லியான்னு அந்த அஞ்சாவது பாகத்த சொல்லினே வா.