பத்தில் ஒரு பங்கு

நீங்கள் கொடுத்த டீயில் பால் கொஞ்சம் குறைவு, ஐயா. குறையாகச் சொல்லவில்லை, தொழில் புத்தி.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் கலவைக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு பாத்திரத்தில் பால் இருக்கும். ஒருவன் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுவான். திரும்பவும் எடுப்பான், திரும்பவும் ஊற்றுவான். கடைசியில் பால் எத்தனை சதவீதம் என்பது கேள்வி.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாட்டு மேசையில் யார் வந்து உட்கார்ந்தாலும் மாமனார் இந்தக் கணக்கைத்தான் எடுப்பார். “அந்தப் பாத்திரத்துக்காரனுக்கு வேற பொழப்பே இல்லையா மாப்ள? அவனும் மாமனார் வீட்ல சாப்பிடுறானா?” விருந்தாளிகள் சிரிப்பார்கள். என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வருடக்கணக்காக அதே நக்கல். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் நான் கோபக்காரன் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மாமனாருக்கு இதய நோய். அவர் உயிர் ஒரு பழுப்பு பாட்டிலில் இருந்தது. அளந்தால் பத்து மூடி மருந்து. தினமும் காலையில் மனைவி ஒரு மூடி கொடுப்பாள். அவள் நகர்ந்ததும் நான் ஒரு மூடித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பேன். குலுக்குவது முக்கியம். இல்லாவிட்டால் கணக்கு செல்லாது.

இரண்டாம் நாள் மருந்து எண்பது சதவீதம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இல்லை, எண்பத்தொன்று. இரண்டாவது தடவை எடுக்கும்போது மருந்தோடு தண்ணீரும் சேர்ந்து போகிறதே. இந்த ஒரு சதவீதத்தில் எத்தனை பேர் வேலையைக் கோட்டை விட்டிருக்கிறார்கள் தெரியுமா?

“மருந்து குறையவே மாட்டேங்குதே,” என்றாள் மனைவி ஒரு நாள்.

“நீ சிக்கனக்காரி, பாத்து ஊத்துற,” என்றேன். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மாமனாருக்குக் கால் வீங்கியது. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். டாக்டர் வந்து பார்த்துக் குழம்பினார். “மருந்து ஒழுங்கா போகுதாம்மா?”

“ஒரு வேளை கூட தவறல டாக்டர்,” என்று மனைவி அழுதாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்லவே வராது.

பத்தாவது மூடி கொடுத்த அன்று மதியம் அவருக்கு மூச்சு இழுத்தது. மனைவி வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். நான் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“பத்துல ஒரு பங்கு மருந்தை எடுத்துட்டுத் தண்ணி ஊத்துறோம் மாமா. இப்படிப் பத்து தடவை. மிச்ச மருந்து எவ்வளவு?”

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. என் கணக்கை அவர் சிரிக்காமல் கேட்டது அன்றுதான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஐயா.

“ஒண்ணுமில்ல,” என்றார். “ஒண்ணுமே மிச்சமில்ல.”

வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தக் கணக்குக்கு விடை கிட்டத்தட்ட முப்பத்தைந்து சதவீதம். தப்பான விடையோடு மனுஷனை அனுப்பிவிட்டேனே என்பது ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.