மார்புத் தகட்டில் ஒரு குழி

வடக்கே பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தால் ஓவியனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹார்லெமில் என் பட்டறைக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் தளபதி லுபெர்ட் வான் ஓஸ்டர்வால் மூன்று காலைப்பொழுது வந்து உட்கார்ந்தார். முகத்துக்கு அது போதும். பிறகு கவசத்தைக் கழற்றி என்னிடம் விட்டுப்போனார். பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மரத்தாங்கியில் மாட்டிவைத்து வாரக்கணக்கில் வரைவேன்.

மார்புத் தகட்டில், இதயத்துக்கு நேராக, ஒரு குழி இருந்தது. கவசம் செய்தவர் விற்குமுன் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்த தடம். குண்டு துளைக்காது என்பதற்கு அதுவே அத்தாட்சி. தளபதிக்கு அது பிடிக்கவில்லை.

"படத்துல அந்தக் குழி வேணாம்ப்பா. எவனோ குறி பாத்து அடிச்ச மாதிரி இருக்கு."

இல்லாததை வரையமாட்டேன், இருப்பதை மறைக்கவும் மாட்டேன். முப்பது வருஷமாக அப்படித்தான். தலைக்கனம் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். படத்தில் கைவைக்க மனம் வரவில்லை, கவசத்தில் கைவைத்தேன்.

கொல்லன் ஹெர்பென் தகட்டைக் காய்ச்சித் தட்டி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தான். கொடுக்கும்போதே எச்சரித்தான்.

"இரும்பு இளகிப்போச்சு. படத்துக்கு ஆவும், சண்டைக்கு ஆவாது. அவருகிட்ட மறக்காம சொல்லிடு."

நான் மறக்கவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் அவர் வேறு கவசம் வாங்கியிருப்பார். நகர மண்டபத்தில் அவர் அணியாத கவசத்தின் படம் தொங்கும், கீழே என் கையெழுத்தோடு. அந்தப் பொய்க்கு நான் சம்மதிக்கவில்லை.

ஸ்பானியர்களின் கோட்டையை முற்றுகையிடப் புறப்பட்ட அன்று அவரே வந்து மாட்டிக்கொண்டார். மார்பைத் தட்டிப் பார்த்தார்.

"குழியையே காணோமே. தாங்குமில்ல?"

"முன்னவிடக் கெட்டிங்க" என்றேன்.

ஒன்பதாம் நாள் குண்டு பாய்ந்தது. துளை விழுந்த தகட்டை அவர் மனைவி உங்கள் மேசைமீது கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஹெர்பெனை விட்டுவிடுங்கள், நீதிபதி ஐயா. தளபதியைக் கொன்றது நான், தெரிந்தே கொன்றேன்.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். போய்ப் படத்தைப் பாருங்கள். அதில் ஒரே ஒரு பொய்யைக் காட்டுங்கள், வருந்துகிறேன். கெட்டி என்றது வெறும் வாய்வார்த்தை. அதை நான் எங்கும் வரையவில்லை.